மை கரைந்த இரண்டு தட்டுகள்

அனுப்பானடியிலிருந்து வரும் ஆட்டு ரத்தத்தைக்
கண்ணாடி மணிகள் போட்டுக் குலுக்குவது என் வேலை.
கால் மணி நேரம். உறையவிடக் கூடாது.
பிறகு கை பொறுக்கும் சூட்டில் அகாரோடு கலந்து
ஊற்றி வைத்தால்
செங்கல் நிறத்தில் தட்டுகள்.

கை கழுவும் ஆய்வு என்று சுற்றறிக்கை வந்திருந்தது
பெரியாஸ்பத்திரி முழுவதற்கும்.
கழுவிய ஈரம் காய்ந்ததும்
ஐந்து விரலையும் பதிக்கச் சொன்னேன்,
பத்திர ஆபீஸில் போல.

அறுவைப் பிரிவுத் தலைவர் தெய்வசிகாமணி
முழங்கை வரை நுரைத்து, நகக்கண் தேய்த்து,
குழாயை முழங்கையாலேயே மூடிவிட்டு வந்தார்.
ஏழாம் எண்.
பிரசவ வார்டில் ஒப்பந்தத்துக்குக் கூட்டும் இருளாயி
‘இன்னைக்காச்சும் எங்களுக்குச் சோப்பு குடுத்தாகளே’ என்று
இரண்டு தடவை கழுவி
மோந்து பார்த்துக்கொண்டார்.
பன்னிரண்டாம் எண்.

வெளியே கோரிப்பாளையத்தில் அன்று நாற்பத்தொரு டிகிரி.
பெட்டிக்குள் முப்பத்தேழில்
அவை என்னைவிடச் சௌகரியமாகத் தூங்கின.

காலையில் திறந்தேன்.
பஸ் கம்பியில் ஏறியவை, ரூபாய் நோட்டில் வந்தவை,
யாரோ பெற்ற சிசுவின் முதல் மலத்தில் ஒட்டியவை
எல்லாம் போயிருந்தன.
அவை வந்து போகிறவை.
மிச்சமிருப்பவை வேறு சாதி என்று
எழுத வந்தேன். இனம் என்று மாற்றிக்கொள்கிறேன்.
மயிர்க்காலின் பள்ளத்தில், எண்ணெய்ச் சுரப்பியின் வாசலில்
பிறந்த அன்றைக்கே குடியேறியவை.
சோப்பு அவற்றைக் கொல்வதில்லை,
கதவைத் தட்டுகிறது.
தட்டினால் எட்டிப் பார்க்கத்தானே செய்யும்?
சிலருக்குக் கழுவிய பிறகு கணக்கு கூடுவது அதனால்தான்.
போன வருஷம் இதைச் சொன்னதற்கு
மயக்க டாக்டர் என்னோடு சண்டைக்கு வந்தார்.

எண்ணைத் தட்டின் அடியில் எழுத வேண்டும்.
முதல் வகுப்பிலேயே சொல்லித் தருவார்கள்.
அவசரத்தில் மூடியில் எழுதிவிட்டேன்.
கவிழ்த்து வைத்த ஈரத்தில் மை கரைந்து
இரண்டு தட்டுகளில் எண்ணே இல்லை.
மற்ற எண்களை எல்லாம் சரிபார்த்தேன்.
காணாமல் போனவை
ஏழும் பன்னிரண்டும்.

ஒன்றில் நாற்பத்தொன்று. மற்றதில் நாற்பத்து மூன்று.
இரண்டிலும் வெள்ளை வெள்ளையாகக் குண்டூசித் தலைகள்,
ரத்தத்தைக் கரைக்காமல் மேலே உட்கார்ந்திருந்தன.
முயல் பிளாஸ்மாவில் விட்டுப் பார்த்தேன்.
எதுவும் உறையவில்லை.
சாயமேற்றி லென்ஸுக்குக் கீழே வைத்தேன்.
கம்பத்துப் பன்னீர்த் திராட்சையைத்
தள்ளுவண்டியில் கொட்டியது போல்
ஊதாக் கொத்துகள், இதிலும், அதிலும்.
விரல் அச்சை அளந்தேன்.
இருவருக்கும் ஒல்லி விரல்.

நாற்பத்திரண்டு வரை ‘திருப்தி’,
அதற்கு மேல் ‘கை சுத்தமில்லை’.
யார் வகுத்த எல்லையோ.
சுத்தமில்லை என்றால் தலைவர் என் தட்டைக் குறை சொல்வார்.
இருளாயிக்கு மறு மாத ஒப்பந்தம் இருக்காது.

மறுபடி பதிக்கத் தலைவரைக் கூப்பிட்டேன்.
‘ஏதாவது போட்டுக்கப்பா, கேஸ் இருக்கு’ என்றார்.

பெரிய தட்டிலிருந்து ஒரு புள்ளியை எடுத்துச்
சின்னத் தட்டுக்குக் கொடுத்தேன்,
காகிதத்தில்தான்.
நாற்பத்திரண்டு. நாற்பத்திரண்டு.
கையெழுத்துப் போட்டேன்.
பிறகு தொட்டியடியில் வெகு நேரம் நின்றேன்.
இந்த விஷயத்தைக் கை கழுவிவிட்டேன் என்று
வேறு யாராவது சொல்லலாம்.
மிச்சத்தை எண்ணிச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

சாயங்காலம் வாளியோடு படியில் எதிரே வந்தார்.
‘என் கை என்னா சார் சொல்லுச்சு?’
‘நாப்பத்திரெண்டு.’
‘அம்புட்டும் உசுரா?’
‘உசுருதான்.’
உள்ளங்கையை விரித்து
ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தார்.
‘ரெண்டு தடவ வேற சோப்பு போட்டேன் சார்,
காந்தியிருக்கும்ல.’